கார்த்திகைப்பூவின் கிழங்கில் நஞ்சும் மருந்தும்

வடகீழ்ப் பருவமழை ஆரம்பித்துச் சில வாரங்கள் கழிந்ததும் வடக்கு, கிழக்கு மாகாணங்களின் வேலியோரங்களிலும் பற்றைக் காடுகளிலும் கரையோர மணற்பாங்கான நிலங்களிலும் ஒரு கொடி தலைகாட்டத் தொடங்குகின்றது. கோடை முழுவதும் அவ்விடத்தில் அப்படியொரு தாவரம் இருந்ததற்கான அடையாளமே இருப்பதில்லை. நிலத்தின் கீழ் உறங்கிக் கிடக்கும் கிழங்கு மழை நீர் பட்டதும் முளைவிட்டு, இலைகளின் நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு கிளுவையையும் பூவரசையும் பற்றிக்கொண்டு மேலேறுகின்றது. பூ விரியும் போது பச்சை கலந்த மஞ்சளாக இருந்து, பின்னர் அடி மஞ்சளும் நுனி சிவப்புமாகி, இறுதியில் முழுவதும் செந்நிறமாக மாறுகின்றது. இதழ்கள் மேல்நோக்கி மடிந்து தீச்சுவாலை போல் நிற்கும் இப்பூவை அறியாதவர் எம்மிடையே மிகக் குறைவு.

கார்த்திகை மாதத்தில் பூப்பதால் கார்த்திகைப்பூ என்கின்றோம். சங்கப் புலவர்கள் காந்தள் என்றனர். பெண்களின் விரல்களுக்கு இப்பூவின் இதழ்களை அவர்கள் உவமை கூறியமையும், குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் சொல்லும் பூக்களின் பட்டியல் காந்தளிலேயே ஆரம்பமாவதும் தமிழ் படித்தோர் அறிந்தவை. வைத்திய நூல்களில் இதன் பெயர் கலப்பைக் கிழங்கு. இரு கவர்களாக வளைந்து கலப்பையின் வடிவில் கிழங்கு இருப்பதே இதற்குக் காரணம். வடமொழியில் இதனை இலாங்கலி என்று அழைப்பதும் கலப்பை என்ற அதே பொருளில்தான். சிங்களத்தில் நியங்கலா. பூவை உற்றுப் பார்த்தால் கண் நோகும் என்றொரு நம்பிக்கை இருந்ததால் தமிழகத்தில் கண்வலிக்கிழங்கு என்ற பெயரும் வழங்குகின்றது. தாவரவியலாளர் இதற்கு இட்ட பெயர் குளோரியோசா சுப்பேர்பா. தமிழ்நாட்டின் மாநில மலரும் ஆபிரிக்காவில் சிம்பாப்வேயின் தேசிய மலரும் இதுவே. எமது நாட்டில் இப்பூவுக்கு அரசியல் அர்த்தமும் உண்டு. அது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

பூவின் அழகைப் பற்றி எழுதியோர் பலர். நிலத்தின் கீழ் இருக்கும் கிழங்கினுள்ளும் காய் வெடிக்கும் போது வெளித்தெரியும் செந்நிற விதைகளினுள்ளும் இருப்பது என்ன என்பதே இங்கு எடுத்துக்கொள்ளப்படும் விடயமாகும். உலகெங்கும் வைத்தியர்கள் நாளாந்தம் எழுதிக் கொடுக்கும் ஒரு மருந்தும், வைத்தியசாலைகளை அஞ்ச வைக்கும் ஒரு நஞ்சும் அங்கே இருக்கின்றன. இவை இரண்டு வெவ்வேறு பொருள்கள் அல்ல, ஒன்றேதான்.

கொல்ச்சிசீன் வந்த வழி

அப்பொருளின் பெயர் கொல்ச்சிசீன். இப்பெயர் கார்த்திகைப்பூவிலிருந்து வந்ததன்று. கருங்கடலின் கிழக்குக் கரையில், இன்றைய ஜோர்ஜியாவில், பண்டைக் காலத்தில் கொல்கிஸ் என்றொரு நாடு இருந்தது. அப்பகுதியோடு தொடர்புபடுத்தப்பட்ட ஒரு செடிக்கு கொல்ச்சிகம் என்ற பெயர் ஏற்பட்டது. அதன் கிழங்கு மூட்டு வலியைத் தணிக்கும் என்பதைக் கிரேக்க வைத்தியர்கள் அறிந்திருந்தனர். ஆறாம் நூற்றாண்டில் திறாலெஸ் நகரத்து அலெக்சாந்தர் என்ற வைத்தியர் கடும் மூட்டுவாதத்திற்கு இதனைப் பயன்படுத்தினார். பின்னர் இந்த அறிவைப் பேணி வளர்த்தவர்கள் அரபு, பாரசீக மருத்துவர்களாவர். அவர்கள் இக்கிழங்கைச் சூரஞ்சான் என்றனர். இப்னு சீனா தமது 'அல்-கானூன்' நூலில் சூரஞ்சானை மூட்டு நோய்க்கான மருந்தாகக் குறிப்பிட்டுள்ளார். யூனானி வைத்தியர்கள் இன்றும் கசப்புச் சூரஞ்சான், இனிப்புச் சூரஞ்சான் என இரு வகை கண்டு, கசப்பானதை உள்ளே கொடுப்பதற்குத் தயங்குவர். அந்தத் தயக்கத்தில் பல நூற்றாண்டு அனுபவம் இருக்கின்றது.

பாரிஸில் பெலெத்தியே, கவெந்து என்ற இரு இரசாயனவியலாளர்கள் 1820ஆம் ஆண்டு கொல்ச்சிகத்திலிருந்து இதன் வீரியப் பொருளைப் பிரித்தெடுத்தனர். சின்கோனா மரப்பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்தவர்களும் இவ்விருவரே, அதுவும் அதே ஆண்டில். கார்த்திகைக் கிழங்கின் கதை இதற்குப் பிந்தியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இக்கிழங்கை ஆராய்ந்தவர்கள் அதில் 'சுப்பர்பின்' என்ற தனியொரு நஞ்சு இருப்பதாகக் கருதினார்கள். 1915ஆம் ஆண்டளவில் இங்கிலாந்து இரசாயனவியலாளர்கள் மேற்கொண்ட ஆய்வே இதிலிருப்பதும் கொல்ச்சிசீன்தான் என்பதைத் தெளிவாக்கியது. கருங்கடல் கரையிலும் ஐரோப்பியப் புல்வெளிகளிலும் பூக்கும் ஒரு செடியும், எமது வேலியில் படரும் ஒரு கொடியும் ஒரே சேர்வையை உருவாக்குகின்றன என்பது அன்று வியப்பாக இருந்திருக்க வேண்டும். இன்று வியப்பில்லை. முன்னர் அல்லிக் குடும்பத்தில் வைக்கப்பட்டிருந்த இவ்விரு தாவரங்களையும் தாவரவியலாளர் இப்போது கொல்ச்சிகேசியே என்ற ஒரே குடும்பத்தில் சேர்த்துள்ளனர்.

கொல்ச்சிசீன் ஓர் அற்கலோயிட்டு. ஒரு மூலக்கூறில் 22 காபன், 25 ஐதரசன், 6 ஒட்சிசன் அணுக்களும் ஒரேயொரு நைதரசன் அணுவும் உண்டு. மூன்று வளையங்கள் கொண்ட இதன் கட்டமைப்பில் இரண்டு ஏழு காபன் அணுக்களாலான வளையங்கள். இயற்கைப் பொருள்களில் அடிக்கடி காணப்படாத இத்தகைய கட்டமைப்பு இரசாயனவியலாளரை நீண்டகாலம் திணறச் செய்தது. 1945ஆம் ஆண்டில்தான் டியூவார் என்ற பிரித்தானியர் அதன் சரியான வடிவத்தை ஊகித்துக் கூறினார். ஆய்வுகூடத்தில் அதனை முழுமையாகத் தொகுத்து உருவாக்குவதற்கு 1959 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கார்த்திகைப்பூவில் கொல்ச்சிசீனுடன் அதன் நெருங்கிய உறவுச் சேர்வைகளும் உண்டு. அவற்றுள் வெல்லக் கூறு இணைந்த கொல்ச்சிகோசைட்டு வணிக முக்கியத்துவம் வாய்ந்தது. அதிலிருந்து பெறப்படும் தயோகொல்ச்சிகோசைட்டு தசைப்பிடிப்பைத் தளர்த்தும் மருந்தாக ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் விற்கப்படுகின்றது. எனினும் உடலில் அது மாற்றமடையும் போது தோன்றும் ஒரு பொருள் நிறமூர்த்தங்களின் எண்ணிக்கையைக் குழப்பக்கூடும் என்பதால், அதனை வாய்வழியாகவும் ஊசி மூலமும் கொடுப்பதற்கு ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டாளர்கள் 2013ஆம் ஆண்டில் வரையறைகள் விதிக்கப் பரிந்துரைத்தனர்.

கலத்தினுள் நடப்பது

ஒரு மருந்து எவ்வாறு வேலை செய்கின்றது என்பதை அறிந்தால்தான் அது ஏன் கொல்கின்றது என்பதும் புரியும். எமது உடலின் ஒவ்வொரு கலத்தினுள்ளும் நுண்ணிய குழாய்கள் உள்ளன. வீடு கட்டும் போது கட்டப்படும் சாரம் போன்றவை அவை. தேவையான போது எழுப்பப்பட்டு, வேலை முடிந்ததும் பிரிக்கப்படுகின்றன. கலம் வடிவம் மாறி நகர்வதற்கும், கலத்தினுள் பொருள்கள் இடம்விட்டு இடம் செல்வதற்கும், கலம் இரண்டாகப் பிரியும் போது நிறமூர்த்தங்கள் இரு பக்கமும் இழுக்கப்படுவதற்கும் இவையே ஆதாரம். இக்குழாய்களுக்குச் செங்கல்லாக அமையும் புரதம் ரியூபியூலின் எனப்படும். கொல்ச்சிசீன் அச்செங்கல்லில் ஒட்டிக்கொள்கின்றது. ஒட்டிய பின்னர் சாரம் எழும்புவதில்லை. சொல்லப்போனால் ரியூபியூலின் என்ற புரதத்தை விஞ்ஞானிகள் கண்டுபிடித்ததே கொல்ச்சிசீன் எதில் போய் ஒட்டுகின்றது என்று 1960களில் தேடிச் சென்றபோதுதான். எமது வளவுகளில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து பெறப்படும் புற்றுநோய் மருந்துகளும் இதே புரதத்தையே தாக்குகின்றன.

கவுட் எனப்படும் மூட்டுவாதத்தில் மூட்டினுள் யூரிக் அமிலப் பளிங்குகள் படிகின்றன. அவற்றை அந்நியப் பொருளாகக் கருதி வெண்குருதிக் கலங்கள் கூட்டங்கூட்டமாக அங்கு விரைகின்றன. இரவோடிரவாகக் கால் பெருவிரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலும் தாங்க முடியாத வலி ஏற்படுவது இதனாலாகும். சாரம் குலைந்த வெண்குருதிக் கலத்தால் விரைந்து நகர முடிவதில்லை. ஆகவே வீக்கமும் வலியும் தணிகின்றன. கொல்ச்சிசீன் யூரிக் அமிலத்தைக் குறைப்பதில்லை என்பதையும் இங்கு கூறவேண்டும். தீயை அணைக்கின்றதே தவிர விறகை அகற்றுவதில்லை.

தாவர விருத்தியாளருக்கும் இதே தன்மை உதவியது. பிரியவிருக்கும் தாவரக் கலத்திற்குக் கொல்ச்சிசீனை இட்டால் நிறமூர்த்தங்கள் இரட்டிக்கின்றன, ஆனால் கலம் பிரிவதில்லை. அமெரிக்காவில் பிளேக்ஸ்லி 1937ஆம் ஆண்டு இதனைக் காட்டினார். விதையில்லாத வத்தகப்பழம் உருவானது இந்த வழியில்தான்.

பழைய மருந்துக்குப் புதிய வேலை

கவுட் நோய்க்கு வைத்தியர்கள் முன்னர் கொல்ச்சிசீனை அதிக அளவில், வயிற்றோட்டம் தொடங்கும் வரை கொடுத்து வந்தனர். 2010ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு அந்த வழக்கத்தை மாற்றியது. ஒரு மணித்தியால இடைவெளியில் இரு தடவைகளில் மொத்தம் 1.8 மில்லிகிராம் கொடுத்தாலே 4.8 மில்லிகிராம் கொடுப்பதற்கு நிகரான பயன் கிடைக்கின்றது, துன்பமோ மிகக் குறைவு என்று அது காட்டியது. மத்தியதரைக் கடலைச் சூழவுள்ள துருக்கியர், அரபிகள், ஆர்மேனியர், யூதர் ஆகியோரிடையே பரம்பரையாக வரும் ஒரு காய்ச்சல் நோய் உண்டு. விட்டுவிட்டுக் காய்ச்சலும் வயிற்று வலியும் ஏற்பட்டு, காலப்போக்கில் சிறுநீரகத்தையே அழிக்கும் அந்நோய்க்கு 1972 முதல் கொல்ச்சிசீனே கைகொடுத்து வருகின்றது.

அண்மைக் கால ஆர்வம் இதயத்தைப் பற்றியது. குருதிக் குழாயில் கொழுப்புப் படிவதில் அழற்சிக்கும் பங்குண்டு என்பதால், நாளொன்றுக்கு 0.5 மில்லிகிராம் கொல்ச்சிசீன் மாரடைப்பைத் தடுக்குமா என்று ஆராயப்பட்டது. 2020ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில் 5,522 இதய நோயாளர்கள் பங்குபற்றினர். மருந்து பெறாதோரில் 9.6 சதவீதத்தினருக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பாதிப்புகள் ஏற்பட, மருந்து பெற்றோரில் அது 6.8 சதவீதமாக இருந்தது. இதன் பின்னணியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அதிகார சபை 2023ஆம் ஆண்டு இப்பயன்பாட்டிற்கு அனுமதி வழங்கியது. ஆனால் மாரடைப்பு ஏற்பட்டவுடன் மருந்தை ஆரம்பித்த ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளரிடம் நடத்தப்பட்டு 2024இல் வெளியான மற்றொரு பெரிய ஆய்வில் பயன் தென்படவில்லை. கொவிட் நோயிலும் இது உதவவில்லை என்பது 2021இல் தெரியவந்தது. ஆகவே இதனைச் சர்வரோக நிவாரணி என எவரும் கருத வேண்டியதில்லை.

இம்மருந்தைத் தயாரிப்பதற்கான மூலப்பொருளில் ஒரு பகுதி தமிழ்நாட்டிலிருந்தே செல்கின்றது. திண்டுக்கல், திருப்பூர், கரூர் மாவட்டங்களில் கம்பிப் பந்தல்களில் இக்கொடியைப் படரவிட்டு விதைக்காகப் பயிரிடுகின்றனர். இப்பூவின் சூல்தண்டு பக்கவாட்டில் ஏறத்தாழச் செங்கோணத்தில் வளைந்து மகரந்தத்திலிருந்து விலகி நிற்பதால் பூ தானாகக் கருக்கட்டுவது அரிது. காலை வேளையில் தொழிலாளர்கள் பூப்பூவாகச் சென்று கையால் மகரந்தச் சேர்க்கை செய்ய வேண்டும். விதையின் விலை ஆண்டுக்காண்டு ஏறி இறங்குவது அங்குள்ள விவசாயிகளின் தீராத முறைப்பாடு.

முன்னோர் அறிந்திருந்தது

இக்கிழங்கின் கொடுமையை எமது பாரம்பரிய வைத்தியம் அறியாமல் இருக்கவில்லை. ஆயுர்வேதம் இலாங்கலியை உபவிஷங்களுள் ஒன்றாக வைக்கின்றது. அதாவது, சுத்தி செய்யாமல் தொடக்கூடாத சரக்கு. கோமூத்திரத்தில் ஊறவைத்தல், கிழங்கைச் சீவி உப்பிட்ட மோரில் இரவில் ஊறவைத்துப் பகலில் உலர்த்துதலைப் பல நாள் திரும்பத் திரும்பச் செய்தல் என்றவாறு சுத்தி முறைகள் கூறப்பட்டுள்ளன. கொல்ச்சிசீன் நீரில் கரையக்கூடியதாதலால் ஊறலில் அதன் ஒரு பகுதி வெளியேறுவது இயல்பே. அத்தோடு, பழைய பயன்பாடுகளிற் பல வெளிப்பூச்சாகவே இருந்தன என்பது கவனத்திற்குரியது. தோல் நோய்க்கும் மூட்டு வீக்கத்திற்கும் அரைத்துப் பூசினர். பிரசவம் தாமதித்தால் உள்ளங்கால்களிலும் தொப்புளைச் சுற்றியும் பூசினர். கருவைக் கலைப்பது என்று பொருள்படும் வடமொழிப் பெயரும் இதற்கு உண்டு. இப்பெயரை நம்பி உள்ளே அருந்திய பெண்கள் கருவோடு தமது உயிரையும் இழந்திருக்கின்றனர்.

1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் ஆயுர்வேதத்துடன் சித்த, யூனானி, தேசிய வைத்திய முறைகளையும் எமது நாட்டில் அங்கீகரித்துள்ளது. யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் சித்த மருத்துவம் பல்கலைக்கழக மட்டத்தில் கற்பிக்கப்படுகின்றது. முறையாகப் பயின்ற வைத்தியர் நஞ்சுச் சரக்கைக் கையாளும் விதம் வேறு. கைத்தொலைபேசியில் வந்த குறிப்பை நம்பி வேலியில் கிழங்கு தோண்டும் விதம் வேறு. அச்சம் தருவது இரண்டாவதே. மூலிகை என்றால் பக்கவிளைவு இல்லை என்ற பேச்சு இக்காலத்தில் சாதாரணமாகிவிட்டது. அப்பேச்சை முதலில் மறுத்திருக்கக்கூடியவர்கள் இதனை உபவிஷம் என்று எழுதி வைத்த அம்முன்னோர்களே.

அளவு எனும் சிக்கல்

குளிசையிலுள்ள கொல்ச்சிசீனை மில்லிகிராமில் சொல்லலாம். கிழங்கில் உள்ளதைச் சொல்ல முடியாது. உலர்ந்த கிழங்கில் ஏறத்தாழ 0.1 முதல் 0.3 சதவீதம் வரை கொல்ச்சிசீன் இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. மண், மழை, கிழங்கின் முதிர்ச்சி என்பவற்றிற்கேற்ப அது மாறுபடும். பார்வைக்கு ஒரேயளவான இரு கிழங்குகளில் ஒன்று மற்றையதைப் போல் மும்மடங்கு வீரியம் கொண்டிருக்கலாம். விதையிலோ இது இன்னும் அதிகம். ஏனைய மருந்துகள் பலவற்றில் சிகிச்சைக்கான அளவுக்கும் ஆபத்தான அளவுக்கும் இடையே பெரிய இடைவெளி உண்டு. கொல்ச்சிசீனில் அவ்விடைவெளி மிகக் குறுகியது. குளிசையாக எடுக்கும் போதே வைத்தியர் கூறியதை விட ஒன்றிரண்டு கூடினால் வயிற்றோட்டம் ஆரம்பமாகும்.

எமது நாட்டிற்கு இதில் விசேட கவலையொன்றும் உண்டு. உடலிலிருந்து கொல்ச்சிசீனை அகற்றுபவை ஈரலும் சிறுநீரகமும். அநுராதபுரம், பொலன்னறுவை தொடக்கம் வவுனியா வரையிலான வரண்ட வலயக் கிராமங்களில் 1990கள் முதல் அறியப்பட்டு வரும் காரணம் புலப்படாத சிறுநீரக நோய், முற்றும் வரை அறிகுறி எதனையும் காட்டாதது. நீரிழிவினால் சிறுநீரகம் பழுதடைந்தோரும் எம்மிடையே பலர். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கே யூரிக் அமிலம் கூடிக் கவுட் வருவதும் அதிகம். ஆகவே மூட்டு வலிக்கு இக்கிழங்கை நாடக்கூடியவரே அதனைத் தாங்கும் சக்தி மிகக் குறைந்தவராகவும் இருக்கின்றார். கிளரித்ரோமைசின் போன்ற சில நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளோடு சேர்ந்தால், சாதாரண அளவு கொல்ச்சிசீன் கூட உடலில் தேங்கி உயிராபத்தை ஏற்படுத்தியுள்ளது. கொலஸ்ரரோலுக்கான ஸ்ரற்றின் குளிசைகளோடு சேர்ந்து தசைகளைப் பாதித்த சம்பவங்களும் பதிவாகியுள்ளன.

இலங்கையில் இந்நஞ்சு உட்சென்ற சம்பவங்களில் தவறுதலாக உண்டவையும் அடங்கும். மழைக் காலத்தில் கிழங்கு தோண்டும் போது வற்றாளங்கிழங்கு என்றோ காட்டு வள்ளி என்றோ எண்ணி அவித்து உண்டிருக்கின்றனர். கொடி இருக்கும் வரை வேற்றுமை தெளிவு. இலை நுனியில் சுருள் இருந்தால் அது கார்த்திகைப்பூ. கொடி பட்டுப்போன பின்னர் தோண்டினால் கவர்விட்ட கலப்பை வடிவம் மட்டுமே துணை. அவிப்பதால் இந்நஞ்சு அழிவதில்லை. அவித்த நீரிலும் அது இருக்கும். காய்ந்து வெடித்த காய்களின் செந்நிற விதைகள் சிறுவர்களின் கைக்கு எட்டாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டியதும் அவசியமாகும்.

உண்டு சில மணித்தியாலங்களின் பின்னரே தொண்டை எரிவும் வாந்தியும், வாந்திபேதி நோயை ஒத்த வயிற்றோட்டமும் தொடங்குகின்றன. அதற்கு முன் உண்டவர் சுகமாகவே தோன்றுவார். பலர் ஏமாறுவது இந்த இடைவெளியில்தான். வயிற்றோட்டம் சற்றுத் தணியும் இரண்டாம், மூன்றாம் நாட்களில் சிறுநீரகம், இதயம், சுவாசம் என்பன பாதிக்கப்படலாம். விரைவாகப் பிரியும் கலங்கள் உள்ள இடமெல்லாம் தாக்கப்படுவதால் என்புமச்சை செயலிழந்து வெண்குருதிக் கலங்கள் வீழ்ச்சியடைகின்றன. பிரான்சில் ஒரு நோயாளிக்கு விசேட பிறபொருளெதிரி கொடுத்துக் காப்பாற்றிய செய்தி 1995இல் வெளியானது. ஆயினும் வைத்தியசாலைகளில் பெறக்கூடிய மாற்று மருந்து இன்றுவரை கிடையாது. நஞ்சு இழையங்களினுள் ஆழமாகப் பரவிவிடுவதால் குருதிச் சுத்திகரிப்பினாலும் பயனில்லை. முதல் சில மணித்தியாலங்களில் கொடுக்கப்படும் கரித்தூளும், தொடர்ந்து அளிக்கப்படும் சேலைனும், நாட்கணக்கான கண்காணிப்புமே வைத்தியரின் கையிலுள்ளவை. எனவே அறிகுறி தோன்றும் வரை காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். எஞ்சிய கிழங்கையோ கொடியின் ஒரு துண்டையோ கூடவே எடுத்துச் செல்வது வைத்தியருக்குப் பேருதவியாகும். கொழும்பு தேசிய வைத்தியசாலையிலுள்ள தேசிய நஞ்சுத் தகவல் நிலையம் வைத்தியர்களுக்கும் பொதுமக்களுக்கும் ஆலோசனை வழங்குகின்றது.

தப்பியவர்களுக்கு இரண்டாம், மூன்றாம் வாரமளவில் தலைமயிர் கொத்தாக உதிரும். இந்நாட்டு வைத்தியரான குணரத்ன, கார்த்திகைக் கிழங்கு உண்ட ஒருவரின் உடலிலிருந்த மயிர் பெரும்பாலும் உதிர்ந்ததை 1966ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் பதிவு செய்தார். உலக மருத்துவ இலக்கியத்தில் இன்றும் எடுத்தாளப்படும் பதிவு அது. நோயாளியின் குடும்பத்தவர் அதைக் கண்டு கலங்குவது வழக்கம். ஆனால் அந்நேரத்தில் ஆபத்துப் பெரும்பாலும் நீங்கியிருக்கும். மயிர் சில மாதங்களில் மீண்டும் வளர்ந்துவிடும்.